மூன்றாவது விளக்கு

டோரின், கிளிஃப் தம்பதியின் டிவி மேல், எந்த நிகழ்ச்சியை யார் யார் பார்க்கிறார்கள் என்று பதிவுசெய்யும் ஒரு கணக்கெடுப்புக் கருவி இருந்தது. பார்க்க உட்காருகிறவர் தன் பொத்தானை அழுத்தி விளக்கை எரியவிட வேண்டும். எழுந்து போகும்போது அணைக்க வேண்டும். இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். 1987 அக்டோபரில் ஒரு மாலை, டிவியில் ஸ்னூக்கர் ஆட்டம் தொடங்கியதும் மூன்றாவது விளக்கும் தானாக எரிந்தது.

"பாத்தியா, ஸ்னூக்கருக்கு ரெண்டு ஓட்டு," என்றான் கிளிஃப். "உன் நாடகத்துக்கு ஒண்ணுதான்."

"ஓட்டுப் போடத் தெரியுது, ஒரு டீ போடத் தெரியுதா?" என்றாள் டோரின்.

விளம்பர இடைவேளையில் மூன்றாவது விளக்கு அணைந்தது. ஆளில்லாத சமையலறையில் கெட்டில் சீறியது. விளம்பரம் முடிந்தபோது மேசைமேல் மூன்று கோப்பைகள் இருந்தன. விளக்கு மறுபடி எரிந்தது.

டோரின் ஒரு வாய் குடித்தாள். "பால் ஜாஸ்தி."

விளக்கு அணைந்தது. மாடியில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது.