அயர்லாந்திலிருந்து ஒரு கையெழுத்து

கிளைபேடா துறைமுகத்தின் பனிமூட்டம் வக்கீல் ரிமாஸின் அறைக்குள்ளும் மிதப்பதுபோல் இருந்தது. விதா கனவில் உட்கார்ந்திருப்பவள்போல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், ஜெயிச்சுட்டோம்! அயர்லாந்துல இருக்கிற அந்தப் பொண்ணு மறுப்பே சொல்லலை. கோர்ட்டுக்கு அலையாம, ஒரே மனுவுல முடிஞ்சுது. இனி அவ சம்பளத்துலயே கடனைப் பிடிச்சுடலாம்.”

“நோட்டீஸை அவளே வாங்கினாளா?”

“அவளேதான். இதோ, கையெழுத்து.”

விதா அதை விரலால் மெல்லத் தடவினாள். “வழக்கை விட்டுடுங்க, சார்.”

“விளையாடறீங்களா? அப்போ கடன்?”

“கடனா? அவ கிளம்பறப்ப டிக்கெட்டுக்கு நான் ஆசையாக் குடுத்த காசு சார் அது. மூணு வருஷமா ஒரு போன்கூட இல்லை. உசுரோட இருக்காளான்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி தெரியலை. அவ என் மக.”