குட்டி ஃபேன்

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்ததுமே மெக்கானிக் முகத்தைச் சுளித்தார்.

கேம் ஆடும்போது கம்ப்யூட்டரை அளவுக்கு மீறி வேகமாக ஓட்டினால் உள்ளே மதர்போர்டில் இருக்கும் சிப்செட் என்ற சில்லு சூடேறிக் கொதிக்கும். அதனால் போன வருஷம் அவரே அதன்மேல் குட்டி ஃபேன் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். இப்போது அது சுற்றவில்லை. இறக்கைகளில் பழுப்பாகப் பிசின் மாதிரி என்னவோ அப்பிக் கிடந்தது. பழைய சிகரெட் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

"கருமம்! இந்த ரூமுக்குள்ளயா சார் உக்காந்து ஊதுறீங்க?"

"ஊதுறேன், அதுக்கென்ன? ஃபேனை மாத்திட்டுக் கிளம்புங்க. ஸ்பீடு மட்டும் குறையக் கூடாது" என்றார் வீட்டுக்காரர், அடுத்ததைப் பற்றவைத்தபடி.

மெக்கானிக் ஓர் இறக்கையைத் துணியால் துடைத்தார். பிசுபிசுவென்று விரலிலும் ஒட்டியது. அருவருப்பில் கையை உதறினார்.

"ரூம்ல இருக்குற காத்தைத்தான் சார் ஃபேன் இழுக்குது. உங்க நெஞ்சுக்குள்ளயும் இதேதான் படிஞ்சிருக்கும். முதல்ல டாக்டரைப் பாருங்க."

வீட்டுக்காரர் சிரித்தார்.

"போன வாரம்தான் எக்ஸ்ரே எடுத்தேன். ஒண்ணுமே இல்லையாம். நான் என்ன நாள் பூரா இங்கயா இருக்கேன்? ஹால்ல புடிச்சா சோபா நாறுதுன்னு வீட்டுக்காரி கத்துறா. அதான் இங்க வந்து புடிச்சுட்டுப் போறேன்."

"அப்ப இது உங்க ரூம் இல்லையா?"

"என் பொண்ணு ரூம்ங்க. எந்நேரமும் இருமல், மூச்சிரைப்பு. வெளிய அனுப்பவே முடியலை. பாவம், உள்ளயே உக்காந்து கேமாவது ஆடட்டும்னுதான் இதை வாங்கிக் குடுத்தேன்."