சிவப்புக் கண்மாய்

செயற்கைக்கோள் படத்தை நேரில் சரிபார்க்க மெர்லின் வந்த பதினோராவது கண்மாய் இது. கரை முதல் கரை வரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. வெயிலில் கண் கூசியபடி கைக்கணினியைத் திறந்தாள்.

"என்ன தாயி, எங்க கண்மா இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்று திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார் இருளப்பன். அந்த ஊருக்கு மடை திறக்கிறவர். மடைச் சாவி இன்னும் அவர் இடுப்பில் தொங்கியது.

"பச்சையா இருந்தா இந்தப் படத்துல செவப்பாத்தாங்கய்யா தெரியும்."

"தண்ணி கெடந்தா?"

"கறுப்பா."

"கறுப்பப் பாத்து ஏழு வருசமாச்சு தாயி."

இங்கே என்ன இருக்கிறது என்று திரை கேட்டது. நீர், பயிர், காடு, தரிசு. கருவேலத்துக்கு இடமில்லை. அவள் தொடுவதைக் கற்றுக்கொண்டு, இதே நிறமுள்ள கண்மாய்களுக்கெல்லாம் இயந்திரம் அதையே எழுதிவிடும். அதை வைத்துத்தான் வறட்சி நிவாரணப் பட்டியல் வரும். கருவேலத்தைச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டாள். இருப்பதில் ஒன்றைப் போடுங்கள் என்று இரண்டு முறையும் பதில் வந்தது.

அவள் விரல் 'காடு' பக்கம் போனது.

"கண்மாயக் காடுன்னா எழுதப்போற? தண்ணின்னு போடு தாயி. மேல இருந்து பாக்குறவுகளாச்சும் கண்மான்னு நெனைக்கட்டும்."

அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல அவளிடம் தெம்பில்லை. 'நீர்' என்பதைத் தொட்டாள்.

அன்று சாயங்காலம் மாவட்ட வரைபடத்தில் முந்நூற்றுப் பதினேழு கண்மாய்கள் நிரம்பின.