கல்மூஞ்சி

“சிரிச்சாரா?”

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த மனைவி செருப்பைக்கூட மாட்டவில்லை. அதற்குள் கணவர் கேட்டுவிட்டார்.

“யாரு?”

“உள்ள படம் எடுக்கிறவர்தான். உன்னைப் பார்த்துச் சிரிச்சாரா, இல்லையா?”

“மூச்சை இழுங்கன்னார், விடுங்கன்னார், எந்திரிங்கன்னார். கல்யாணத்துக்கா போனேன், சிரிச்சு வரவேற்க?”

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் அவள் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்ததிலிருந்து கணவர் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை.

சற்று முன்னால்தான், பச்சைச் சால்வை போர்த்திய ஓர் அம்மா அந்த அறையிலிருந்து வந்தார். அதே ஆள் வாசல்வரை கூடவே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, “பார்த்துப் போங்கம்மா” என்று அனுப்பிவைத்தார். படத்தை முதலில் பார்க்கிற ஆள் அவர். முடிவை வாய்விட்டுச் சொல்லக் கூடாதென்று உத்தரவு இருக்கலாம். முகத்துக்கு யார் பூட்டுப் போடுவது?

ஸ்கேன் அறைக் கதவு திறந்து, அந்த ஆள் எட்டிப் பார்த்தார். கணவர் ஓடிப்போய்ப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “இன்னிக்கு வேலை ஜாஸ்தியோ தம்பி?”

“டாக்டர் கூப்பிடுவார். உட்காருங்க.” கதவு மூடிக்கொண்டது.

“கல்மூஞ்சி!”

“இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீங்கன்னா, உங்களையும் பிடிச்சு அந்த மெஷின்ல படுக்க வெச்சிருவார்,” என்றாள் மனைவி.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தார். பிறகு பச்சைச் சால்வை அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“உங்களுக்குக் கவலையே இல்லைங்க. உங்களைத்தான் சிரிச்சே அனுப்பிட்டாரே!”

“ஆமாங்க. காலையிலேருந்து கை உதறிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் புள்ள சிரிச்சுது பாருங்க, அதோட நின்னுபோச்சு.” அந்த அம்மா கையை நீட்டிக் காட்டினார். அது ஆடாமல் நின்றது. கணவருக்குப் பொறாமையாக இருந்தது.

டாக்டர் அந்த அம்மாவை விட்டுவிட்டு இவர்களை முதலில் கூப்பிட்டார். முந்திக் கூப்பிட்டால் மோசம் என்றுதானே அர்த்தம்! கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “எப்பவோ சளி கட்டி ஆறின தழும்பு. மாத்திரைகூட வேண்டாம். வீட்டுக்குப் போங்க.”

வெளியே வந்ததும், போன உயிர் திரும்பி வந்த கையோடு கோபமும் வந்தது. கணவர் நேரே போய் ஸ்கேன் அறைக் கதவைத் தட்டினார்.

“ஏன் தம்பி, நல்ல சேதின்னு தெரிஞ்சும் உம்முனு இருந்தீங்களே! ஒரு சிரிப்பு சிரிச்சா உங்க சொத்தா அழிஞ்சிரும்? இங்க நான் செத்துச் செத்துப் பிழைச்சேன்!”

கல்மூஞ்சி அவரை நிதானமாகப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போனா நீங்களே சிரிச்சுக்குவீங்க சார். என் சிரிப்பு உங்களுக்கு எதுக்கு?”

அவருடைய பார்வை கணவரின் தோளைத் தாண்டிப் போனது. கணவர் திரும்பினார். ஆடாத கையில் ஃபைலைப் பிடித்தபடி, இவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பச்சைச் சால்வை அம்மா டாக்டர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தார்.