பதினாலாம் நம்பர்

இருமல் மிட்டாய் அட்டை ஒன்றைத் தன் மனைவி, கோர்ட் வாசலில் நின்று நம்பர் கூப்பிடுகிற டவாலியின் கையில் திணிப்பதைப் பார்த்ததும் கடிகாரக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எவன் தும்மினாலும் இவளுக்குப் பொறுக்காது. கட்டின புருஷன் ஆறு மாதமாகத் தனியாகக் கிடந்து இருமுவது மட்டும் இவள் காதில் விழவே விழாது!

குடும்ப நீதிமன்றத்தின் மாடி வராந்தா அது. இந்தச் சுவரோரப் பெஞ்சில் அவர், எதிர்ச் சுவரோரப் பெஞ்சில் அவள். நடுவில் நின்று வக்கீலம்மா அவசர அவசரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க. யோசிக்கக் குடுத்த ஆறு மாசம் முடிஞ்சுது. இன்னைக்கு உள்ள போய் ‘பிரியச் சம்மதம்’னு ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களது பதினாலாம் நம்பர். நான் பக்கத்து ஹால்ல ஒரு கேஸைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன். அதுக்குள்ள டவாலி கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிடுங்க. மூணு தடவை கூப்பிட்டும் ரெண்டு பேருமே போகலைன்னா மனுவைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க.”

“ஒருத்தருக்கு இஷ்டமில்லைன்னா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் கடிகாரக்காரர்.

“உள்ள போய் வாயைத் திறந்து சொல்லணும். ஏன், உங்களுக்கு இஷ்டமில்லையா?”

“எனக்கென்ன? சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாம்னு கேட்டேன்.”

“எனக்கும் ஒண்ணுமில்ல. சொல்லிட்டேன்” என்று எதிர்ப் பெஞ்சிலிருந்து பதில் பறந்து வந்தது.

இரண்டு பேருக்கும் அப்படியொரு வீம்பு. சண்டை என்னவோ சின்னதுதான். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தே உள்ளே எந்தச் சக்கரத்துக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுகிற மனுஷன், வீட்டில் அவள் கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டார். “முள்ளு நகர்றது கேக்குது, பொண்டாட்டி கத்துறது கேக்கலையா?” என்று ஒரு நாள் கேட்டாள். “கேக்குற மாதிரி நீ என்னைக்குப் பேசினே?” என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு வார்த்தைதான் பெட்டியைக் கட்டி, வக்கீலைத் தேடி, இந்த வராந்தா வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

‘வேண்டாம், வா, வீட்டுக்குப் போவோம்.’ நாலே சொல். காலையிலிருந்து அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்தால்தானே? முதலில் வாயைத் திறந்தவர் தோற்றவர் ஆயிற்றே!

“பதிமூணாம் நம்பர்!”

டவாலி கூப்பிட்டால் கட்டடமே ஒரு தடவை குலுங்கும். கீழே கேன்டீனில் இருந்த ஒரு ஜோடி, குடித்ததும் குடிக்காததுமாகப் படியேறி ஓடி வந்தது. அடுத்தது நாம்தான் என்று கடிகாரக்காரர் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் தலைக்கு மேலிருந்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்று எத்தனை நாளாயிற்றோ, வந்ததுமே அவர் கவனித்துவிட்டார். அவ்வளவு அவசரமா இவளுக்கு! நின்றுபோன கடிகாரத்தில்கூட மணி பார்க்கிறாளே!

பதிமூன்று முடிந்தது. டவாலி வாசலுக்கு வந்து தொண்டையைத் தடவினார். இரண்டு தடவை இருமினார். அப்புறம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது.

“பதினாலாம் நம்பர்…”

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கூடத் திரும்பவில்லை. ஆனால் கடிகாரக்காரருக்குக் கேட்டது. துல்லியமாகக் கேட்டது. எழுந்திருக்க வேண்டிய கால்கள் இரண்டும் தரையைப் பிடித்துக்கொண்டன. ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் அசையவில்லை, கடிகாரத்தை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. அப்பாடா, அவளுக்குக் கேட்கவில்லை!

“பதினாலாம் நம்பர்…”

அவர் குனிந்து செருப்பு வாரைக் கழற்றி மாட்டினார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டாயிற்று. ஒரு செருப்பில் இவ்வளவு வேலை இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

டவாலி உள்ளே போய்விட்டு வந்தார். “தள்ளுபடி” என்று கிசுகிசுத்தார்.

மூச்சிரைக்க ஓடி வந்த வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “கூப்பிட்டது காதுல விழலையாம்மா?”

“அந்த மனுஷனுக்குக் குரல் எங்க வந்துச்சு? தொண்டை கட்டின ஆளை நிறுத்தி வச்சா யாருக்குக் கேக்கும்?” என்று அவள் சீறினாள்.

“உங்களுக்கு சார்?”

“எனக்கா? எனக்குத்தான் காதே கேக்காதே! ஆறு மாசமா அவ உங்ககிட்ட அதைத்தானே சொல்லிட்டிருக்கா.”

“மறுபடி முதல்லேர்ந்து மனு போடணும். இன்னும் ஆறு மாசம் இழுக்கும். போடலாமா?”

“அவர் சொல்லட்டும்.”

“அவ சொல்லட்டும்.”

வக்கீலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். “நான் கீழ நிக்கிறேன்” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அவளும் படியிறங்கினாள்.

கடிகாரக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தா மூலையில் டீ விற்கிறவரிடம் சூடாக ஒரு டம்ளர் வாங்கி டவாலியிடம் நீட்டினார். “குடிங்கண்ணே, தொண்டைக்கு இதமா இருக்கும்.”

டவாலி மடமடவென்று குடித்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

“பதினஞ்சாம் நம்பர்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடிகாரக்காரர் வாயைப் பிளந்தார். “அப்போ… தொண்டை?”

“அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு” என்று டவாலி சிரித்தார். “காலையில மிட்டாயைக் குடுத்துட்டு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க: ‘எங்களை மட்டும் மெல்லமாக் கூப்பிடுங்க. அவருக்குக் கண்டிப்பாக் கேக்கும். எந்திரிக்கிறாரான்னு பாக்கணும்.’”