கடைசிப் பூதம்

மாடிப்படி ஏறும்போதே கத்திச் சத்தம் கேட்டது. கூடவே எவனோ ஒருத்தன் அலறினான்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா போனில் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துபோனது. என் அண்ணன் மகன் போய் ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் பெண்டாட்டி தினமும் டி.வி.யில் நிஞ்ஜா கேம் போட்டு வெட்டு, குத்து என்று உட்கார்ந்திருக்கிறாளாம். அதுவும் அவனைப் பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறாவது மாடியில் லிஃப்டைச் சரிபார்க்கப் போனவன், அந்தக் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டான். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணனும் இல்லாத வீட்டில் அண்ணிக்கு மிச்சமிருந்தது அவன் ஒருத்தன்தான். இந்தக் கல்நெஞ்சுக்காரியிடம் அண்ணியை விட்டுவைக்க எனக்கு மனசில்லை. கையோடு என் வீட்டுக்கு அழைத்துப் போவது என்று முடிவு பண்ணி, நாலு மணி பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கதவு திறந்தே கிடந்தது. மருமகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவள், கடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. விளையாட்டு அவ்வளவு முக்கியமாம்.

என்னைப் பார்த்ததும் "வாங்க சித்தி" என்றாள். கண் டி.வி.யில்தான் இருந்தது.

நாற்காலியில் அண்ணி. பாதியாக இளைத்திருந்தாள்.

டி.வி.யில் முகத்தை மூடிய கறுப்பு உடுப்புக்காரன் ஒருத்தன் சுவரில் ஏறிக் குதித்தான். வரிசையாக அஞ்சு பேரை வெட்டிச் சாய்த்தான். சுவரெல்லாம் ரத்தம். இவள் விரல் கையிலிருந்த கன்ட்ரோலர் பட்டன்களில் பறந்தது. அப்புறம் மலை மாதிரி ஒரு பூதம் வந்து நின்றது. அதுவரை பறந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. பூதம் ஒரே அடி. நிஞ்ஜா மல்லாக்க விழுந்தான். திரை இருண்டது.

இவள் கன்ட்ரோலரைத் தூக்கி அண்ணி பக்கம் காட்டினாள். என்னவோ பரிசு வாங்கிய மாதிரி. நிஞ்ஜா எழுந்தான். மறுபடி வெட்டு, மறுபடி பூதம், மறுபடி அடி. நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவன் மூணு தரம் செத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ரத்தம் பார்த்து ரசிக்க எப்படி மனசு வருகிறது, ஊர் காறித் துப்புவது காதில் விழவில்லையா, பெற்ற வயிறு பக்கத்தில் எரிவது கண்ணில் படவில்லையா என்று எதையும் பாக்கி வைக்கவில்லை.

அவள் கன்ட்ரோலரை அண்ணி மடியில் வைத்துவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அழுத்தக்காரி.

"அண்ணி, துணியை எடுத்து வைங்க. கிளம்பலாம்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

"இரு. பிள்ளை விழுந்து கிடக்கான்."

கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்கினாள். திரையில் நிஞ்ஜா எழுந்து உடம்பை உதறிக்கொண்டான்.

அப்புறம்தான் அண்ணி சொன்னாள். இது அவன் வாங்கிய கேம். விளையாடும்போது செத்து விழுந்தால், அம்மா அமுக்கினால்தான் ராசி என்று அடுப்படியில் இருப்பவளைக் கூப்பிடுவானாம். அண்ணி திட்டிக்கொண்டே வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இந்த ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போவாளாம். எத்தனையோ வருஷமாக நடப்பதாம்.

"அன்னிக்கும் கூப்பிட்டான். வேலைக்கு நேரமாச்சு, எழுந்து போடான்னு விரட்டிட்டேன். அமுக்கலை" என்றாள் அண்ணி.

டி.வி.யில் சும்மா நின்ற நிஞ்ஜாவை எவனோ மறுபடி அடித்துப் போட்டான். அண்ணி மறுபடி அமுக்கினாள். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். சண்டையெல்லாம் அவ பார்த்துக்குவா."

 அவ்வளவு கேட்டும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மருமகள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ரெண்டு மணிக்குக் கடையில் இருக்க வேண்டுமே, ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது.

"எழுப்புறது அவங்க, சரி. நீ கொஞ்சம் ஒழுங்கா ஆடக் கூடாதாம்மா? அந்தப் பூதத்துக்கிட்ட மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறியே. பெத்தவ கண் முன்னாடி அவன் இத்தனை தரம் விழணுமா?"

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பூதத்தை எப்படி வெட்டணும்னு அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் சித்தி."

"பின்னே ஏன் வெட்டாம நிக்கிறே?"

கூடத்திலிருந்து அண்ணி கூப்பிட்டாள், விழுந்துட்டாம்மா, சீக்கிரம் வா என்று. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுதான் கடைசிப் பூதம். அதைக் கொன்னுட்டா ஆட்டம் முடிஞ்சிடும் சித்தி. அதுக்கப்புறம் அத்தை யாரை எழுப்புவாங்க?"

நாலு மணி பஸ்ஸில் நான் தனியாகத்தான் போனேன்.