பக்கத்து நாட்டு ராஜா

"இன்னிக்கும் அந்த ராஜாவுக்கு யானை அனுப்பியாச்சா?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

"யானை இல்ல, பட்டு. நாலு மூட்டை," என்றான் அரிகிருஷ்ணன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆபீஸ் விட்டு சேலையூர் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டால், கம்ப்யூட்டர் கேமில் அவன் சக்கரவர்த்தி. திரையின் மூலையில் பக்கத்து நாட்டு ராஜாவின் முகம் இருக்கும். கோபமாக இருந்தால் சிவப்பு. பரிசு அனுப்ப அனுப்ப மஞ்சளாகும், அப்புறம் பச்சை. பச்சையாகிவிட்டால் சண்டையே போடாமல் ஒரு துறைமுகத்தைக் கேட்டு வாங்கிவிடலாம்.

"கம்ப்யூட்டர் ராஜாவுக்கு வாரி வழங்குங்க. பக்கத்து வீட்டு மனுஷன் மூஞ்சியை மட்டும் பார்த்துடாதீங்க."

பக்கத்து வீட்டு மனுஷன் ஜாபர். பல்லாவரத்தில் தோல் பை தைத்து விற்கிறவர். தண்ணி மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று ஒருநாள் இருவருக்கும் சண்டை. அன்றைக்கு நின்ற பேச்சு இரண்டு வருஷமாக நின்றபடியே இருந்தது.

இந்தப் பக்கத்து வீட்டு ராஜாவிடமும் ஒரு துறைமுகம் இருந்தது. ஃப்ளாட்டில் கூரை போட்ட கார் பார்க்கிங் ஒன்றுதான். முதலில் வீடு வாங்கியவர் என்பதால் அதில் ஜாபரின் ஆம்னி வேன் நின்றது. அரிகிருஷ்ணனோ புதுக் கார் புக் பண்ணியிருந்தான். ஜாபர் சம்மதித்தால், தீபாவளிக்கு அப்புறம் நடக்கும் மீட்டிங்கில் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

"வெயில்லயும் மழையிலயும் நின்னா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?" என்று தினமும் புலம்பினான்.

வழுக்கி விழுந்து காலில் பிளேட் வைத்திருந்தவள் நாகலக்ஷ்மி. பார்க்கிங்கில் இறங்கினால் நாலடியில் வீடு. கேட்டிலிருந்து என்றால் சேற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அவன் கவலை பெயிண்டோடு நின்றுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையிலிருந்து பெரிய நீலத் தார்ப்பாயோடு வந்து இறங்கினார் ஜாபர். அரிகிருஷ்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான்.

"பாரு, தார்ப்பாய்! பார்க்கிங்கைச் சுத்திக் கட்டிக் கோட்டை ஆக்கப் போறான். விட்டா கதவே போட்டுடுவான்!"

கோட்டை என்று சொன்ன வாயோடு அவனுக்கு யோசனையும் வந்தது. படையெடுப்பானேன்? பரிசு அனுப்பினால் போயிற்று.

மறுநாள் காலை ஒரு தூக்கு நிறையக் கேசரியோடு போய்ப் பக்கத்து வீட்டு பெல்லை அடித்தான். ஜாபர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"மஞ்சள்!" என்று ஓடி வந்து அறிவித்தான் அரிகிருஷ்ணன்.

"நோன்பு மாசம். காலங்காத்தால நெய் மணக்க மணக்க மூக்குக்கு நேரா நீட்டியிருக்கீங்க. அப்பவும் சிரிச்சாரா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நாகலக்ஷ்மி.

சாயங்காலம் நோன்பு திறந்ததும் ஜாபரின் மனைவி ஃபாயிசா வந்தாள். கேசரித் தூக்கில் பேரீச்சம்பழம். கூடவே இன்னொரு தூக்கில் நோன்புக் கஞ்சி.

"இது என்ன, அவங்களும் அனுப்பறாங்க? இப்படிப் பண்ணா எப்பதான் பச்சையாகறது?"

"பாத்திரத்தை வெறுமனேயா திருப்பித் தருவாங்க? இப்ப அவங்க தூக்கு நம்மகிட்ட இருக்கு. அதையும் காலியாத் தர முடியாது."

கேமில் இந்தத் தொல்லை இல்லை. ராஜா வாங்கினதைக் கமுக்கமாக வைத்துக்கொள்வான். இங்கே முறுக்கு போனது, சமோசா வந்தது. வடை போனது, வந்த தூக்கில் தம்ரூட் என்ற ரவை இனிப்பு இருந்தது. அந்த வருஷம் தீபாவளியும் பெருநாளும் அடுத்தடுத்து வேறு. இரண்டு வீட்டுத் தூக்குக்கும் ஓய்வே இல்லை.

தூக்கு கைமாறும்போது பேச்சும் வளர்ந்தது. "அன்னிக்கு மோட்டார் விஷயத்துல நான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன் பாய்," என்றான் இவன். "விடுங்க சார், நானும்தான் கத்தினேன்," என்றார் அவர்.

"பார்க்கிங்கைக் கேட்டீங்களா?" என்பாள் நாகலக்ஷ்மி.

"இன்னும் முழுப் பச்சை வரலை."

உண்மையில் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மொட்டை மாடியில் மீட்டிங். செக்ரட்டரி ஏசுபாதம் தொண்டையைச் செருமினார். "கார் பார்க்கிங்கை ஜாபர் பாய் அரிகிருஷ்ணன் சாருக்கு விட்டுக் கொடுத்துட்டாரு. அடுத்தது, டேங்க் கழுவற விஷயம்..."

டேங்க் எக்கேடு கெட்டால் என்ன? அரிகிருஷ்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே வந்தான்.

"லக்ஷ்மி, பச்சை! கேட்கவே இல்ல, தானாவே குடுத்துட்டார்! ஒரு தூக்குக் கேசரியில ஆரம்பிச்சுத் துறைமுகத்தையே பிடிச்சுட்டேன்!"

"கேசரியாலயா குடுத்தார்?"

"பின்னே?"

"மழையில நான் கேட்டிலேருந்து தட்டுத் தடுமாறி வர்றதைப் பார்த்திருக்கார். 'அக்கா வாசல்லயே இறங்கட்டும், இடத்தை அவங்களுக்கே குடுத்துடுங்க'ன்னு செக்ரட்டரிகிட்ட முன்னாடியே சொல்லிட்டாராம். ஃபாயிசா எப்பவோ சொன்னா."

"அவர் எப்ப சொன்னார்?"

"நீங்க கேசரி கொண்டு போனதுக்கு முதல் நாள். வண்டியை இனிமே தெருவுல விடணும், உள்ள இருக்கற தோல் நனையக்கூடாது. அதுக்குத்தான் அந்தத் தார்ப்பாய்."

அரிகிருஷ்ணன் ஜன்னலுக்குப் போனான். தெருவில் தூறல் ஆரம்பித்திருந்தது. ஜாபர் ஆம்னியின் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். இவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான் மனைவியிடம்.

ஃபாயிசாவின் தூக்கில் அதிரசம் அடுக்கிக்கொண்டிருந்த நாகலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தா, ஒரு முறுக்காவது அனுப்பியிருப்பீங்களா?"